பிரியாத குழுவுக்கு மறுவருகை ஏது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் உருவான லாஸ் காம்பெசினோஸ் இசைக்குழுவைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இவர்களைப் பற்றித் தமிழில் யாராவது எழுதமாட்டார்களா என்று காத்திருந்தவன் நான், அதற்கு நன்றி. ஆனால், கலைந்துபோன குழு பழைய புகழை நம்பித் திரும்பியிருக்கிறது என்ற தொனி எனக்கு வருத்தம் தந்தது.

இவர்கள் கலையவே இல்லை. 2006இல் கார்டிஃப் பல்கலைக்கழக மாணவர்களாகச் சேர்ந்தவர்கள், 2008ஆம் ஆண்டில் மட்டும் இரண்டு ஆல்பங்கள் வெளியிட்டார்கள். அந்த வேகத்தைப் பார்த்தவர்களுக்கு, 2017இல் வந்த 'சிக் சீன்ஸ்' ஆல்பத்துக்கும் 2024 ஜூலையில் வந்த 'ஆல் ஹெல்' ஆல்பத்துக்கும் நடுவில் விழுந்த ஏழாண்டு இடைவெளி ஓய்வாகத் தெரியலாம். உண்மையில் அவரவர் வேலைக்குப் போய்க்கொண்டு, கிடைத்த விடுப்பில் மேடையேறிக்கொண்டிருந்தார்கள். 2021இல் ஒரு சிறு தொகுப்பும் வந்தது. இசையை மட்டும் நம்பி வாழ முடியாத நிலையிலும் அதைக் கைவிடாத இந்தப் பிடிவாதம்தான் கட்டுரையில் விடுபட்ட முக்கியமான செய்தி.

'ஆல் ஹெல்' அவர்களுடைய சொந்த நிறுவனமான 'ஹார்ட் ஸ்வெல்ஸ்' வெளியீடு. தயாரித்தவர், குழுவின் கிதார் கலைஞர் டாம் புரோம்லி. வெளியார் நிறுவனம் ஒன்றின் கெடுவுக்காக அவசரப்பட வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. அந்த நிதானம் பதினைந்து பாடல்களிலும் கேட்கிறது. தொடக்கக் காலத்தில் கிளாக்கன்ஸ்பீல் மணியொலியும் கூச்சலுமாகத் துள்ளிய குழு, இப்போது நடுவயதின் நட்பு, குடி, கால்பந்து, சாவு பற்றிப் பாடுகிறது. பாடகர் கேரத்தின் வரிகளில் பழைய குறும்பு இருக்கிறது. ஆனால் இருபது வயதுக்காரராக நடிக்க அவர் முயலவில்லை. பழைய நினைவுகளை விற்பவர்கள் இப்படிப் பாட மாட்டார்கள்.

இன்னொன்று. லண்டனின் ட்ராக்ஸி அரங்கில், அதுவரை முதன்மைக் குழுவாக நடத்தியதிலேயே பெரிய கச்சேரியை இவர்கள் நடத்தியது 2024 பிப்ரவரியில். புதிய ஆல்பம் அப்போது வெளிவந்திருக்கவே இல்லை! இடைப்பட்ட ஆண்டுகளில் ரசிகர் கூட்டம் குறையவில்லை, வளர்ந்திருக்கிறது. வருமானம் குறைந்த ரசிகர்களுக்கு மலிவு விலை டிக்கெட் ஒதுக்கும் குழு இது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தங்கள் கட்டுரையாளர் மீண்டும் இவர்களைப் பற்றி எழுதினால், புதிய பாடல்களைப் பற்றியே எழுதச் சொல்லுங்கள். ஒரு முழுப் பக்கம் ஒதுக்கினாலும் தகும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்,
கோயம்புத்தூர்