குத்தாலத்திலிருந்து திரும்பி வந்த அக்காவுக்கு

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம், கும்பகோணம் – மயிலாடுதுறை பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த அக்கா, உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன். ஆடுதுறையில் அவசரமாக இறங்கினேன், மஞ்சள் பை பேருந்திலேயே போய்விட்டது.

அதில் இருந்தது பாதி தைத்த ஒட்டுத்துணிப் போர்வை. அம்மா கட்டிக் கிழிந்த சுங்குடிச் சேலைகளைச் சதுரமாக வெட்டி, அடியில் அப்பாவின் பழைய வேட்டியைக் கொடுத்து, நடுவில் மெல்லிசாகப் பஞ்சு வைத்துத் தைத்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் ஒரு மணி நேரம், உலை கொதிக்கும்போது பத்து நிமிடம் என்று எட்டு மாத வேலை. அம்மா இப்போது இல்லை.

நீங்கள் குத்தாலத்தில் இறங்கி, எதிர்ப் பேருந்து பிடித்து, நான் அழுதுகொண்டு நின்ற டீக்கடைக்கே வந்துவிட்டீர்கள். டிக்கெட் காசு கொடுத்தேன், வாங்கவில்லை. துணியைத் தடவி, “வயக்காடு மாதிரியே இருக்கும்மா” என்றீர்கள். ஆமாம் அக்கா, சம்பா நடவு முடிந்ததும் பாத்திக்குப் பாத்தி மாறித் தெரியும் பச்சைதான் அந்த வரிசை! வீட்டில் யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. ஓரத்து முக்கோணங்கள் திருவாரூர்த் தேரில் தொங்கும் தொம்பையிலிருந்து எடுத்தவை. துணிமேல் துணி வைத்துத் தைத்த அதைப் பார்த்துத்தான் சின்ன வயதில் ஊசியே பிடித்தேன்.

மிச்சத் துணியில் உங்களுக்கு ஒரு தலையணை உறை தைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் அதே பேருந்தில்தான் வருவேன். பையிலேயே வைத்திருக்கிறேன், அக்கா.