‘பக்கவிளைவு அறவே இல்லை’ என்ற வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாய்களுக்கான தெள்ளுப்பூச்சி மாத்திரை பற்றித் தங்கள் கால்நடைப் பக்கத்தில் வந்த கட்டுரையில் ‘மாதம் ஒன்று போதும், பக்கவிளைவு அறவே இல்லை’ என்று ஒரு வரி. படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் காவல் நாய் இல்லாத மாந்தோப்பு உண்டா? தங்கள் பக்கத்தை வெட்டி எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் என்பது தாங்கள் அறியாததல்ல.

இந்த மாத்திரைகளில் இருக்கும் மருந்துகளான அஃபாக்ஸோலானர், ஃப்ளூரலானர், சரோலானர், லோட்டிலானர் நான்கும் ஒரே குடும்பம். பூச்சியின் நரம்பைத் தாக்கிக் கொல்பவை. நல்ல மருந்துகள்தான், பெரும்பாலான நாய்கள் தாங்கிக்கொள்ளும். ஆனால் நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு வரலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018 செப்டம்பரிலேயே எச்சரித்துவிட்டது. முன்பு வலிப்பே காணாத நாய்க்கும் வரலாம். ஏற்கெனவே வலிப்பு வந்த நாய் என்றால் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. ஃப்ளூரலானர் மாத்திரையின் வேலை 12 வாரம் நீடிக்கும். உள்ளே போனபின் திரும்ப எடுக்க வழியில்லை. அதனால் முதல்முறை கொடுக்கும் நாய்க்கு ஒரு மாத மாத்திரையே மேல்.

எடையைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல் கிடையாது. அஃபாக்ஸோலானர் 8 வார வயதும் 2 கிலோ எடையும் எட்டாத குட்டிக்கு ஆகாது. 10 கிலோ நாய்க்கு ஒரு வகை மாத்திரை, 25 கிலோ நாய்க்கு வேறு வகை. பெரிய நாயின் மாத்திரையை வாங்கி இரண்டாக உடைத்துக் கொடுப்பது இங்கே சர்வ சாதாரணம். உடைக்கக் கூடாது என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது. தக்காளி மண்டித் தராசில் நிறுத்தினாலும் போதும், கண்ணளவு வேண்டாம். வளரும் குட்டியை மாதாமாதம் நிறுக்க வேண்டும். ஃப்ளூரலானரைச் சோற்றோடு கொடுங்கள், வெறும் வயிற்றில் சரியாகச் சேராது.

‘மாத்திரை கொடுத்தும் தெள்ளு போகவில்லை’ என்று பத்தாம் நாளே இன்னொன்றைத் திணிப்பதுதான் பெரிய ஆபத்து. நாயின் மேல் காண்பது மொத்தத்தில் 5 சதவீதம்கூட இருக்காது. மிச்சமெல்லாம் முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவுமாகக் கோணிச் சாக்கிலும் தரை வெடிப்பிலும் கிடக்கும். கூட்டுக்குள் இருப்பதை எந்த மருந்தும் எளிதில் எட்டாது. மாதக்கணக்கில் காத்திருந்து வெளியே வரும். புதிதாக வந்தது நாயைக் கடித்தால்தான் சாகும். ஆகவே வீட்டிலுள்ள நாய், பூனை எல்லாவற்றுக்கும் அததற்குரிய மருந்தை ஒரே நாளில் கொடுத்து, சாக்கை வெந்நீரில் அலசி வெயிலில் காயவைத்து, வெடிப்பைப் பெருக்கி, மூன்று மாதமாவது விடாமல் செய்ய வேண்டும். உண்ணிக்கும் இதே கதை. கடித்த பிறகே சாவதால், உண்ணிக் காய்ச்சல் வரவே வராது என்று மாத்திரை உத்தரவாதம் தராது.

இது முதல்முறையும் அல்ல. மாட்டுக்குத் தெளிக்கும் சைபர்மெத்ரினை வீட்டுப் பிராணிகளுக்கும் தெளிக்கலாம் என்று இதே பக்கத்தில் வந்தது. பூனையின் கல்லீரலால் அந்த மருந்தை முறிக்க முடியாது, துடிதுடித்துச் சாகும். அன்று எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. மண்ணெண்ணெய் தேய்க்கச் சொன்ன குறிப்பும் வந்ததே! தோல் வெந்து, நக்கிய நாய்க்கு நுரையீரல் கெடும் என்பதை எழுதியவர் யோசித்தாரா? விளையாட்டுச் செய்தியில் ஒரு ரன் தவறினால் மறுநாளே திருத்தம் போடுகிறீர்கள். வாயில்லா ஜீவன் என்பதால்தான் இந்த அலட்சியமா?

தங்களிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. வரும் வாரம் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், ‘எடை பார்த்துக் கொடுக்கவும், உடைக்க வேண்டாம், வலிப்பு வந்த நாய்க்கு மருத்துவரைக் கேட்கவும், நாய் மாத்திரையைப் பூனைக்குக் கொடுக்காதீர்கள்’ என்று வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.