மஞ்சள் பாலியோவுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்

கோயம்புத்தூர்
நவம்பர் 2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. அப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இனி பேப்பரை அவரே படித்துவிட்டு உன்னோடு சண்டைக்கு வருவார், தயாராக இரு. இங்கே எல்லோரும் சௌக்கியம். மகளுக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. அதிலிருந்து என் வண்டிச் சாவி வைத்த இடத்தில் இருப்பதில்லை. உன் தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலாம்.

மூன்று பக்கம் ஊர்க்கதை எழுதிவிட்டு, கடைசி வரியில் போகிற போக்கில் சொல்கிறாய்: திருச்செந்தூர் ரோட்டில் ஒரு வீட்டில் மஞ்சள் ஃபியட் பாலியோ கார் நிற்கிறது, எஸ்10 என்கிறார்கள், வாங்கலாமா என்று. அதற்கும் மேலே, வாங்கிய கையோடு ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தி, சைலன்சரை மாற்றிவிடலாம் என்று ஒரு திட்டம் வேறு. வாங்கு என்று சொல்வதற்கு எனக்குக் கை துறுதுறுக்கிறது. ஆனால் உன் திட்டத்தைப் படித்ததும், முதலில் இந்தக் கடிதத்தை எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

2001 செப்டம்பரில் பாலியோ வந்தபோது நாம் வாய் பிளந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். ரோட்டில் பாதிக்குப் பாதி மாருதி 800 ஓடிய காலம். அதற்கு 37 குதிரைத் திறன். இந்த 1.6 ஜி.டி.எக்ஸுக்கு 1596 சி.சி., 16 வால்வு, ஏறக்குறைய 100 குதிரைத் திறன். உங்கள் அப்பா வைத்திருந்த பத்மினி வந்த அதே குர்லா தொழிற்சாலையிலிருந்துதான் இதுவும் வந்தது. மறு வருடம் சச்சின் பெயரில் மஞ்சள் எஸ்10 வந்தது. நம் சம்பளத்துக்கு அப்போது அதைச் சுற்றி வந்து பார்ப்பதோடு சரி. பெட்ரோல் குடிக்கும் என்ற பேச்சு ஊரெல்லாம் பரவி, விலை மளமளவென்று இறங்கியதால்தான் பிற்பாடு என் கைக்கு ஒன்று எட்டியது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் 2003 மாடலை வீட்டு ஷெட்டிலேயே பிரித்து மாட்டியதில் எனக்குத் தெளிவான ஒன்று உண்டு. இந்த வயது வண்டியில் கிழடு தட்டியிருப்பது இரும்பு இல்லை, ரப்பர். வாங்கியபோது ஸ்டியரிங் பிடிப்பில்லாமல் அலைந்தது, பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் தடதடத்தது, சிக்னலில் நின்றால் கியர் லீவர் ஆடியது. பார்த்தவர்கள் எல்லோரும் என்ஜின் போயிடுச்சு, ரீபோர் பண்ணணும் என்றார்கள். கம்ப்ரஷன், அதாவது உள்ளே ஏறும் அழுத்தம், பார்த்தால் நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று சமம். சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் புஷ் (மூட்டில் உட்காரும் ரப்பர் உருளை), என்ஜினைத் தாங்கும் மவுண்ட், ஸ்டெபிலைசர் புஷ், ஷாக் அப்சார்பர் மேல் மவுண்ட் எல்லாம் மாற்றியதும் அந்த மூன்று தொல்லையும் போய்விட்டன. என்ஜினைத் திறக்கவே இல்லை.

அதனால்தான் ஸ்பிரிங்கை வெட்டாதே என்கிறேன். கம்பெனி கொடுத்த சஸ்பென்ஷன் எப்படி இருந்தது என்பதை இன்றைக்கு இந்த வண்டி வைத்திருப்பவர்களில் பலர் அனுபவித்ததே கிடையாது. நைந்த புஷ்ஷோடு ஓட்டிவிட்டு, வண்டியே இப்படித்தான் என்று முடிவு கட்டி, அதன் மேல் கண்டதையும் மாட்டுகிறார்கள். முதலில் பழைய நிலைக்குக் கொண்டுவா. அதற்கப்புறமும் ஆசை இருந்தால் பார்க்கலாம். சட்டமும் உன் பக்கம் இல்லை. கம்பெனி கொடுத்த அமைப்பை மீறி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று.

புஷ் மாற்றுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பாதிப் பட்டறைகளில் இதைக் கவனிப்பதில்லை. வண்டியை ஜாக்கியில் தூக்கினால் சக்கரம் கீழே தொங்கும், லோயர் ஆர்மும் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். அந்த நிலையிலேயே போல்ட்டை முழுசாக இறுக்கிவிட்டால், வண்டியை இறக்கியதும் ஆர்ம் மேலே ஏறும். ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். உள்ளிருக்கும் குழாயோடும் வெளி வளையத்தோடும் ஒட்டிய ரப்பர் அது, சுழலாது, முறுக்கத்தான் செய்யும். சில மாதத்தில் கிழிந்துவிடும். 'டூப்ளிகேட் புஷ் சார்' என்று கடைக்காரர் மேல் பழி விழும். போல்ட்டைக் கையால் மாட்டி வைத்துவிட்டு, வண்டியின் முழு எடையும் சக்கரத்தில் இறங்கிய பிறகு, அளவு பார்த்து இறுக்கும் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். நான் நான்கு சக்கரத்துக்கும் அடியில் தடித்த தேக்குப் பலகை அடுக்கி, படுத்துக்கொண்டு நுழையும் அளவுக்கு இடம் பண்ணிக்கொண்டேன். பழைய புஷ்ஷைக் கழற்றிப் புதியதை அழுத்திப் பொருத்தும் வேலை மட்டும் கணபதியில் ஒரு லேத்தில் நடந்தது. பாலியூரிதேன் புஷ் போடச் சொல்லிப் பலர் சொன்னார்கள். உழைக்கும்தான், ஆனால் நம் ரோட்டின் ஒவ்வொரு கல்லையும் முதுகுத்தண்டில் எண்ணலாம். நான் ரப்பரிலேயே நின்றுவிட்டேன்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு, தாங்குவதற்கு இல்லை. இரண்டு நல்ல ஆக்ஸில் ஸ்டாண்ட் வாங்காமல் தலையை அடியில் விடாதே. ஸ்பேனர் செட்டுக்கு முன்னால் அதை வாங்கு.

என்ஜின் வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட்டும் ரப்பர்தான். கம்மியாத்தான் ஓடியிருக்கு என்று ஓனர் பெருமையாகச் சொல்வார். நின்ற இடத்தில் நின்றாலும் அதற்கு வயது ஆகும். இந்த என்ஜினில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும், அப்போது நிஜமாகவே என்ஜின் வேலைதான். பில் இல்லாமல் 'போன வருஷம்தான் மாத்தினது' என்றால் நம்பாதே. வாங்கியதும் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்து மாற்றிவிடு. பம்ப்புக்காகத் தனியாக ஒருமுறை அதே இடத்தைப் பிரிப்பது வீண் செலவு. இந்த வேலையை நான் வீட்டில் தொடவில்லை. வால்வைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டை அசையாமல் பூட்டி வைக்கும் கருவி வேண்டும், சாக்பீஸில் கோடு போட்டுச் சமாளிக்கிற சங்கதி இல்லை. பழைய ஃபியட் வண்டிகளிலேயே கை பழுத்த ஒரு அண்ணனிடம் கொடுத்துவிட்டு, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். உனக்கும் அவர் நம்பர் தருகிறேன். பேச்சு குறைவு, டீ அதிகம்.

பிரேக் வேலை வீட்டிலேயே பண்ணலாம். பேடு மாற்றும்போது காலிப்பர் நகரும் பின்னைக் கழற்றித் துடைத்து, அதற்கான கிரீஸ் போடு. அது சிக்கிக்கொண்டால் ஒரு பக்க பேடு மட்டும் தேயும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறியதற்கு அந்த வரம்பு 155 டிகிரிதான். வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு 40 கொண்டை ஊசி வளைவு இறங்கும்போது பிரேக் எவ்வளவு சூடாகும் என்று நினைத்துப் பார். ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் அப்படியே உள்ளே போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்று. வீட்டில் யாரையாவது டிரைவர் சீட்டில் உட்கார்த்தி, பெடலை மிதி, பிடி, விடு என்று கத்தினால் போதும். என் மகள் அந்த வேலையை ஒப்புக்கொண்ட பிறகுதான் சாவி அவளிடம் போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பெட்ரோல் விஷயம் கொஞ்சம் தலைவலி. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. நம் வண்டி பிறந்தபோது அந்தப் பேச்சே கிடையாது. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு என்பதால் மைலேஜ் ஆறேழு சதவீதம் இறங்குவது கணக்குப்படியே சரி. ஏற்கெனவே குடிகார வண்டி, இன்னும் கொஞ்சம் குடிக்கட்டும். எனக்குக் கவலை மறுபடியும் ரப்பர்தான். பழைய பெட்ரோல் ஹோஸ் எத்தனாலில் ஊறி உப்பும், அப்புறம் காய்ந்து வெடிக்கும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் அந்தக் குழாய்க்குள் மூன்று பார் அளவுக்கு அழுத்தம் இருக்கிறது. வெடிப்பு வழியாகச் சூடான என்ஜின் மேல் பெட்ரோல் தெளித்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. ஆர்9 தரம் என்று அச்சடித்த, உள்ளே ஃப்ளோரோ ரப்பர் பூசிய ஹோஸ் கேட்டு வாங்கி, டேங்கிலிருந்து என்ஜின் வரை இருக்கும் ரப்பர் துண்டுகள் எல்லாவற்றையும் மாற்றிவிடு. கிளாம்ப்பும் இன்ஜெக்‌ஷன் வண்டிக்கானதாகப் பார்த்து வாங்கு. சாதா திருகு கிளாம்ப் ஹோஸை அறுக்கும். பானெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாசம் வந்தால் அன்றைக்கு வண்டியை எடுக்காதே. அப்புறம், எத்தனால் தண்ணீரையும் இழுக்கும். மழைக்காலத்தில் அரை டேங்க்கோடு மாசக்கணக்கில் நிறுத்தி வைக்காதே.

ரப்பருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வியாதியும் வந்தது. ஹெட்லைட் மங்கல், ஐடிலில் சில நேரம் ஆஃப் ஆகும். முந்தின ஓனரிடம் ஒரு பட்டறை இதற்காக இரண்டு சென்சார் மாற்றிப் பணம் வாங்கியிருந்தது. காரணம், பேட்டரியிலிருந்து பாடிக்கும் கியர்பாக்ஸுக்கும் போகும் எர்த் ஒயர் பச்சை பூத்துக் கிடந்ததுதான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது ஒயர் மாட்டியதோடு சரி.

ஸ்பேர் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தாய். 2020இல் பி.எஸ்.6 புகை விதி வந்தபோதே ஃபியட் பெயரில் இங்கே விற்பனைக்கு ஒரு காரும் இல்லை. புது டப்பாவில் கிடைப்பது அதனால் அதிர்ஷ்டம்தான். ஆனால் பாலியோ அட்வென்ச்சரும் பெட்ரா 1.6-உம் இதே என்ஜின், சஸ்பென்ஷனிலும் நிறையப் பொருந்தும். அந்தப் பெயர்களையும் சேர்த்துத் தேடு. சென்னை போனால் ஜி.பி. ரோட்டில் புதியது, புதுப்பேட்டையில் பழையது. கண்ணாடி, கதவுக் கைப்பிடி, ஹெட்லைட் போன்றவற்றைப் பழையதில் வாங்கலாம். புஷ், ஹோஸ், பெல்ட் பழையதில் வாங்கவே கூடாது. உடைந்த பிளாஸ்டிக் கிளிப்புகளுக்கு இங்கே ஒரு பையன் 3டி பிரிண்ட் போட்டுத் தருகிறான், கச்சிதமாக இருக்கிறது.

இனி உன் மஞ்சள் வண்டி. தூத்துக்குடி காற்றில் நின்ற வண்டி என்பதால் என்ஜினைப் பார்ப்பதற்கு முன் அடிப்பக்கம் பார். என்ஜினுக்கு மாற்று கிடைக்கும், துருப்பிடித்த பாடிக்குக் கிடைக்காது. கார்ப்பெட்டைத் தூக்கித் தரையைப் பார், ஸ்டெப்னி குழியைப் பார், ஜாக்கி வைக்கும் இடங்களை ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்திப் பார், பானெட்டுக்குள் ஷாக் அப்சார்பர் உட்காரும் கோபுரத்தைச் சுற்றி உப்பியிருக்கிறதா பார். கதவின் கீழ் விளிம்பில் ஒரு சின்ன காந்தத்தை ஒட்டிப் பார். ஒட்டவில்லை என்றால் உள்ளே இரும்பு இல்லை, பட்டிதான். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 1214 என்றால் 2014ஆம் வருடம் 12வது வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் அந்த வயது டயரை வீட்டுக்கு ஓட்டி வரக்கூட நம்பாதே.

மஞ்சள் நிறத்தைப் பார்த்து மயங்காதே, அதை எவரும் அடிக்கலாம். ஆர்.சி.யில் நிறம் என்ன, மாடல் என்ன என்று பார்த்து, சேஸிஸ் நம்பரையும் என்ஜின் நம்பரையும் நீயே ஒப்பிட்டுப் பார். லோன் பதிவு நீக்கியிருக்க வேண்டும். 2002 வண்டி என்றால் முதல் 15 வருடம் முடிந்து, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் கணக்கில் இருக்கும். புதுப்பித்திருக்கிறார்களா என்று கேள். 20 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 5,000இலிருந்து 10,000 ரூபாய் ஆகிவிட்டது. பசுமை வரி தனி. புதுப்பிக்காமல் கிடக்கிறது என்றால் அந்தச் செலவையும் விலையில் கழித்துப் பேசு.

இதெல்லாம் லாபமா என்று உன் வீட்டில் கேட்பார்கள். லாபம் இல்லை. ரப்பருக்கும் டயருக்கும் நான் கொடுத்தது வண்டி விலையைத் தாண்டிவிட்டது. ஆனால் போன மாதம் ஆழியாறிலிருந்து ஏறும்போது, வேகமே இல்லாமல், இரண்டாவது மூன்றாவது கியரிலேயே, ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங் சொன்ன இடத்துக்கு வண்டி திரும்பியது. மேலே புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குக் கூட்டம் ரோட்டைக் கடக்கும்வரை நிறுத்தினேன். மகள் அடுத்த முறை தான்தான் ஓட்டுவேன் என்றாள். உன் தங்கச்சி ஏ.சி. போதவில்லை என்றாள். அதுவும் உண்மைதான், அடுத்த வேலை அது.

அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதே. தரை, டயர் நம்பர், ஆர்.சி. மூன்றையும் படம் எடுத்து அனுப்பு. சரியாக இருந்தால் பொங்கல் லீவில் ஸ்டாண்டும் ஹோஸும் எடுத்துக்கொண்டு ரயிலில் வருகிறேன். மக்ரூன் வாங்கி வை.

உன்,
பழைய ரூம்மேட்