கிதாரின் முதுகை மறந்துவிடாதே

அன்புள்ள தங்கைக்கு,

உன் குரல்பதிவை மூன்று தடவை கேட்டேன். தெருவில் நிறுத்துவதற்காக நீ வண்ணம் தீட்டப்போகும் பத்தடி உயர ஃபைபர்கிளாஸ் கிதார் கைக்கு வந்துவிட்டது, வரைபடத்தைத் தேர்வுக் குழு ஏற்றுக்கொண்டது, நாலு வாரத்தில் முடித்துக் கொடுக்க வேண்டும் என்று ஒரே மூச்சில் சொல்கிறாய். அதுவரை துள்ளிக்கொண்டிருந்த குரல், "இது ஓவியமே இல்லையாம் அக்கா, வெறும் அலங்காரமாம்" என்னும்போது அப்படியே இறங்கிவிட்டது. உன்னோடு படித்த யாரோ சொன்னது. சொன்னவருக்கு அது ஒரு நிமிடப் பேச்சு. நீ அதை மனதில் போட்டுக்கொண்டு இரண்டு நாளாகத் தூரிகையைத் தொடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த "வெறும் அலங்காரம்" என்ற பேச்சை முடித்துவிடுவோம்.

ஒரு நல்ல மரக் கிதாரை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார். நடுத் துளையைச் சுற்றி மெல்லிய மரச் சில்லுகளால் ஒரு வளையம் பதித்திருப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பலகையில் துளை போட்ட இடம் பலவீனமான இடம், விரிசல் விட்டால் அங்கே விடும். அந்த விளிம்பை வளையம் பிடித்துக்கொள்கிறது. உடலின் ஓரம் முழுக்க வெள்ளையிலோ கருப்பிலோ ஒரு கரை ஓடும். வெட்டுப்பட்ட மரத்தின் முனை ஈரத்தை உறிஞ்சும், எங்காவது இடிபட்டால் சிதறும். அதை மூடிக் காப்பது அந்தக் கரை. கிதார் செய்கிறவர்கள் அலங்காரத்தை வேலையிலிருந்து பிரித்ததே இல்லை.

இது இன்று நேற்று வந்ததும் இல்லை. பாரிஸில் ரெனே வொபோம் 1641-ல் செய்த கிதார் ஒன்று ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆமை ஓடும் யானைத் தந்தமும் இழைத்த வேலை. வயலினுக்குப் பெயர் பெற்ற ஸ்ட்ராடிவாரி கிதாரும் செய்திருக்கிறார். 1679-ல் அவர் செய்த ஒன்று இன்றும் இருக்கிறது. அந்தக் காலத்துக் கிதார்கள் பலவற்றில் நடுத் துளைக்குள் தோல்காகிதத்தை நுணுக்கமாக வெட்டி, அடுக்கடுக்காக உள்ளே இறங்கும் ஒரு பூவைச் செருகியிருப்பார்கள். அதைச் செய்தவரிடம் போய் "வெறும் அலங்காரம்" என்று யாராலும் சொல்ல முடியாது.

அப்புறம் 1967. பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் தன்னிடம் இருந்த வெளிர்நீல ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை மின்கிதாரைத் தானே உட்கார்ந்து ஒளிரும் வண்ணங்களால் நிரப்பினார். தலைப்பகுதிக்கு மனைவியின் பச்சை நகப்பூச்சைப் பயன்படுத்தினார். அந்தக் கிதாருக்கு 'ராக்கி' என்று பெயரும் வைத்தார். நகப்பூச்சு! கையில் இருந்ததை எடுத்துப் பூசியிருக்கிறார், அவ்வளவு ஆசை. அந்த ஆசை உனக்கும் இருந்தது, போன வாரம் வரைக்கும்.

பொது இடத்துக்கு வருவோம். ஒரே வடிவத்தைப் பல கலைஞர்களிடம் கொடுத்து வரையச் சொல்லித் தெருவில் நிறுத்தும் வழக்கம், 1998-ல் சுவிட்சர்லாந்தின் ஸூரிச் நகரில் நிறுத்திய மாட்டு உருவங்களுக்குப் பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது. அடுத்த ஆண்டு கோடையில் அமெரிக்காவின் சிகாகோவில் 300-க்கும் மேற்பட்ட ஃபைபர்கிளாஸ் மாடுகள் நின்றன. கோடை முடிந்ததும் அவற்றில் ஒரு பகுதியை ஏலம் விட்டதில் தொண்டுப் பணிகளுக்குச் சுமார் 35 லட்சம் டாலர் சேர்ந்தது. 2002-ல் அதே நாட்டின் கிளீவ்லாண்ட் நகரம் மாட்டை விட்டுவிட்டுக் கிதாரை எடுத்தது. 2006-ல் ஆஸ்டின். 2012-ல் விஸ்கான்சின் மாநிலத்தின் வாக்கிஷா. மின்கிதாரின் முன்னோடிகளில் ஒருவரான லெஸ் பால் 1915-ல் பிறந்த ஊர் அது. இவற்றில் எனக்குப் பிடித்தது வாக்கிஷாதான். அங்கே கிதார் வாடகைக்கு எடுத்த வடிவமில்லை, அந்த ஊர்ப் பிள்ளையின் கருவி.

இதற்கெல்லாம் மேலே எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். என் முதல் கிதார் நின்ற சதுக்கத்தைக் காலையில் கூட்டிப் பெருக்கும் அம்மா ஒருவர் இருந்தார். நான் ஒருநாள் விடிகாலையில் போனபோது அவர் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு, ஈரத்துணியால் கிதாரின் தோளில் இருந்த பறவை எச்சத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய வேலைப் பட்டியலில் அது கிடையாது. நான்தான் வரைந்தவள் என்று சொன்னதும், "இந்த நீலத்துக்குள்ள ஒரு மீன் இருக்கே, அதை வேணும்னே ஒளிச்சு வெச்சியா?" என்று கேட்டார். ஆமாம், ஒளித்துத்தான் வைத்தேன். தேர்வுக் குழுவில் ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை. என் படங்கள் தொங்கிய எந்தக் கூடத்துக்கும் அந்த அம்மா வந்ததில்லை, வந்திருக்கவும் மாட்டார். தினமும் பார்க்கிறவருடைய கண் வேறு மாதிரி பார்க்கிறது. நீ வரையப் போவது அந்தக் கண்ணுக்கு.

சரி, இனி வேலை. இங்கேதான் நான் பட்டதை நீ படக்கூடாது.

ஃபைபர்கிளாஸ் உருவத்தை அச்சில் வார்ப்பார்கள். வார்த்தது அச்சோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உள்ளே மெழுகு தடவியிருப்பார்கள். அந்த மெழுகு கிதாரின் தோலிலும் வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தெரியாது, பளபளவென்று சுத்தமாக இருப்பது போலவே இருக்கும். நான் ஈரத்துணியால் தூசியைத் துடைத்துவிட்டு நேராகப் பிரைமர், அதாவது வண்ணத்துக்கு அடியில் பூசும் முதல் பூச்சு, அடித்தேன். இரண்டு மாதம் நன்றாக நின்றது. மூன்றாம் மாதம் ஒரு சின்னப் பையன் கிதாரின் பின்பக்கம் உட்கார்ந்து, கீழ் வளைவில் லேசாகத் தூக்கியிருந்த ஒரு முனையை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தான். நான் பார்க்கப் பார்க்க உள்ளங்கை அகலத்துக்கு வண்ணம் ஒரே இலையாக உரிந்து அவன் கையோடு வந்தது. அவன் பயந்துபோய் அதை என்னிடம் நீட்டினான். வாங்கித் திருப்பிப் பார்த்தேன். பிரைமரின் அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. எதையும் அது பிடித்துக்கொள்ளவே இல்லை. ஆறு வாரம் நான் வரைந்தது முழுவதும் மெழுகின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. பையன்மேல் ஒரு தப்பும் இல்லை. அவன் இல்லாவிட்டால் அடுத்த மழை உரித்திருக்கும்.

ஆகவே வரிசையை மாற்றாதே. முதலில் மெழுகு நீக்கும் கரைப்பான். ஒரு துணியில் நனைத்துத் துடை, காய்வதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் எடு, துணியை அடிக்கடி மாற்று. அழுக்குத் துணியால் துடைத்தால் மெழுகை இடம் மாற்றுகிறாய், எடுக்கவில்லை. மெழுகு போன பிறகுதான் உப்புத்தாள். முதலிலேயே தேய்த்தால் மெழுகைக் கீறல்களுக்குள் நீயே தள்ளிவிடுவாய், அப்புறம் எடுக்கவே முடியாது. 220-ஆம் எண் தாளில் தொடங்கி 320-க்குப் போ. பளபளப்பு முழுக்கப் போய், மேற்பரப்பு சாக்பீஸ் தடவியது போல மங்கலாக வேண்டும். பிறகு தண்ணீர் தெளித்துப் பார். தாமரை இலையில் நிற்பது போல உருண்டு நின்றால் மெழுகு இன்னும் இருக்கிறது. மெல்லிய படலமாகப் படர்ந்து இறங்கினால் போய்விட்டது. இந்த ஒரு சோதனையை அன்றைக்கு நான் செய்திருந்தால் அந்தக் கிதார் இன்றும் நின்றிருக்கும்.

வண்ணம் வாங்கும்போது டியூபின் மேல் இருக்கும் சின்ன எழுத்தைப் படி. ஒளி தாங்கும் தரம் போட்டிருக்கும். முதல் தரத்தில் இருப்பவை மட்டும் வெளியே போகட்டும். ஒளிரும் இளஞ்சிவப்பு உன் வரைபடத்தில் நிறைய இருக்கிறது, அதுதான் எனக்குக் கவலை. ஒளிரும் நிறமிகள் வெயிலில் நிற்பதில்லை, சில மாதத்தில் வெளுத்துவிடும். ராக்கியை வீட்டுக்குள் வைக்கலாம், உன்னுடையது வெட்டவெளியில் நிற்கப்போகிறது. இரும்பு ஆக்சைடு சிவப்பு, காவி மஞ்சள், அல்ட்ராமரின் நீலம், டைட்டானியம் வெள்ளை, இவை பலகாலம் நிற்கும். இவற்றை வைத்துக்கொண்டு துள்ளல் வராது என்று நினைக்காதே. காவிக்குப் பக்கத்தில் அல்ட்ராமரினை வைத்துப் பார், இரண்டும் எரியும்.

கடைசி அடுக்காகக் காருக்கு அடிக்கிற, இரண்டு திரவங்களைக் கலந்து பூசும் நிறமற்ற கிளியர் கோட்டைக் கேட்பார்கள். புற ஊதாக் கதிரைத் தடுக்க அது நல்லதுதான். ஆனால் நீ அடிக்காதே. அதில் இருக்கும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் நுரையீரலுக்கு ஆகாது, சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது. கார் பெயிண்ட் அடிக்கும் கூடமும் காற்றுக் குழாயோடு கூடிய கவசமும் உள்ளவர்களிடம் கொடுத்துவிடு. கொடுப்பதற்கு முன் நீ பூசிய அக்ரிலிக் வண்ணம் நன்றாகக் காய ஒரு வாரமாவது விடு. உன் நாலு வாரக் கணக்கில் அந்த வாரத்தை நீ சேர்க்கவே இல்லை. இன்றே சேர்த்துக்கொள்.

இனி வரைபடம். முன்பக்கத்தை மிக அழகாகப் போட்டிருக்கிறாய். பின்பக்கத்துக்கு "ஒரே நீலம்" என்று எழுதிவிட்டாய். தெருவில் நிற்கும் பொருளுக்கு முன்பக்கம் என்பது கிடையாது. பாதிப் பேர் எதிர்த்திசையிலிருந்து நடந்து வருவார்கள், அவர்கள் முதலில் பார்ப்பது முதுகைத்தான். அந்தப் பையன் எங்கே உட்கார்ந்திருந்தான் என்று நினைத்துப் பார். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில், உடலைச் சுற்றி ஓடும் அந்தப் பக்கவாட்டுப் பட்டையையும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் கிதாரிலேயே நல்ல இடம். முடிவில்லாமல் சுற்றி வரும் ஒரு நீளச் சுருள் அது. கதை சொல்ல வேண்டுமென்றால் அங்கே சொல்லலாம், பார்க்கிறவர் சுற்றி நடந்துதான் ஆக வேண்டும்.

உன் வரைபடத்தில் அந்தப் பாட்டியின் முகம் சரியாக இடுப்பு வளைவில் விழுகிறது. தாளில் அது அழகு. வளைவில் ஏற்றியதும் ஒரு கன்னம் உள்ளே போய்விடும், பக்கத்திலிருந்து பார்த்தால் மூக்கே இருக்காது. இரண்டு சாண் கீழே இறக்கு. அங்கே உடல் தட்டையாக இருக்கும், குழந்தைகளின் கண்ணும் அந்த உயரத்தில்தான் இருக்கும். சாக்கட்டியால் கிதாரின் மேலேயே கோடு போட்டு, இருபது அடி தள்ளி நின்று பார். கழுத்தை மட்டும் அடைக்காதே. தந்திகள் ஓடும் அந்த நீளம் வெறுமையாக இருந்தால்தான் தூரத்திலிருந்து இது கிதார் என்று தெரியும்.

உன் தோழிக்கு நிஜக் கிதாரே கொடுத்திருக்கிறார்கள் என்றாயே, அவளிடம் ஒன்று சொல். மேல்பலகை மூன்று மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும், அது அதிர்ந்தால்தான் ஒலி. பெயிண்டைக் கெட்டியாக அப்பினால் கருவி ஊமையாகிவிடும். அதை இனி யாரும் வாசிக்கப் போவதில்லை என்றால் பரவாயில்லை. வாசிப்பார்கள் என்றால் மெல்லிய அடுக்கு போதும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று விஷயத்தை எழுத்தில் கேள். பீடத்தில் உன் பெயர் இருக்குமா? சேதமானால் யார் சரிசெய்வது, அதற்கு உன்னைக் கேட்பார்களா? ஏலத்தில் போன பிறகு உன் படத்தை அஞ்சலட்டையிலும் சட்டையிலும் அச்சடிக்கும் உரிமை யாருக்கு? கேட்கக் கூச்சப்படாதே. படைப்பைப் படைத்தவரின் பெயரோடு சேர்த்துப் பார்க்கும் உரிமை, பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் 1928-லேயே ஏறிவிட்டது. பணம் நற்பணிக்குப் போகிறது என்பதற்காக உன் பெயிண்டுக்கும் உழைப்புக்கும் ஒன்றும் தராமல் விடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நல்ல குழுக்கள் செலவுத் தொகையும் சன்மானமும் தருகின்றன. கேட்டுப் பார்.

நாளைக் காலை கரைப்பானோடு தொடங்கு, சன்னலைத் திறந்து வைத்துக்கொள், கையுறை போட்டுக்கொள். தேய்த்து முடித்ததும் தண்ணீர் தெளித்து ஒரு வீடியோ எடுத்து அனுப்பு. முன்பக்கம் வேண்டாம், பின்பக்கம் கீழ் வளைவில் எடு. தண்ணீர் எப்படி இறங்குகிறது என்று பார்த்துவிட்டுப் பிரைமரைத் திறக்கலாமா என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா