மண் எங்களிடம் இருக்கிறது, ரோலர் அனுப்புங்கள்

மாநில கிரிக்கெட் நிர்வாகிகளுக்கு, வணக்கம்.

திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருக்கிறேன்.

சம்பா அறுவடை முடிந்த கையோடு எங்கள் பையன்கள் வயலில் இறங்கிவிடுவார்கள். உளுந்து தெளிக்காத வயலாகப் பார்த்து, தாளை மண்வெட்டியால் செதுக்கி, குடத்துத் தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்தால் பிட்ச் தயார். வரப்புதான் பவுண்டரி. பங்குனியில் களிமண் பாளம் பாளமாக வெடிக்கும். டென்னிஸ் பந்து வெடிப்புக்குள் போனால் குச்சியால் நோண்டி எடுத்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்வார்கள். மேட்டூர் தண்ணீர் வந்து உழவு தொடங்கியதும் ஆட்டம் ரோட்டுக்கு ஏறும்.

2011 கணக்கெடுப்பில் தஞ்சாவூர், திருவாரூர், அன்றைய நாகப்பட்டினம் மூன்று மாவட்டங்களிலும் சேர்த்து ஏறக்குறைய 53 லட்சம் பேர். நியூசிலாந்து முழுக்க இருப்பவர்களும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அங்கே முதல் காதல் ரக்பி மீது. ஆனாலும் 2021இல் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப்பை நம்மிடமிருந்து தட்டிச் சென்றார்கள். 2024இல் இங்கேயே வந்து 3–0 என்று தொடரையும் வென்றார்கள். ஆசையில் எங்கள் பையன்கள் அவர்களுக்குக் குறைந்தவர்கள் இல்லை. சிறு வயதிலேயே நல்ல ஆடுகளமும் தோல் பந்தும் கிடைப்பதில்தான் வித்தியாசம்.

போன வருடம் என் மாணவன் ஒருவனைக் கிரிக்கெட் அணித் தேர்வுக்கு அழைத்துப் போனேன். வயலில் அவனை அவுட்டாக்குவது பெரும்பாடு. அங்கே ஸ்டிச் பாலில், அதாவது தோல் பந்தில், இரண்டாவது பந்திலேயே ஸ்டம்ப் போனது. "சார், பந்து கடைசியில நகருது சார்" என்றான். பதினாறு வயதில்தான் அது அவனுக்குத் தெரிய வந்தது. பஸ்ஸில் மன்னார்குடி வரும்வரை அவன் வேறெதுவும் பேசவில்லை.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் யார்க்கர் பழகி, 2020–21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். அவர் சொந்த ஊரிலேயே மைதானம் அமைத்தது ஏன் என்று யோசித்துப் பாருங்கள்.

ஸ்டேடியம் கேட்கவில்லை. தாலுகாவுக்கு ஒரு களிமண் ஆடுகளம், ஒரு கனமான ரோலர், ஐப்பசி மழைக்கு மூடி வைக்கத் தார்ப்பாய், பராமரிக்கத் தெரிந்த ஓர் ஆள், அப்புறம் பள்ளிகளுக்கு ஸ்டிச் பால். இவ்வளவுதான். பந்து எழும்ப ஆடுகளத்துக்குக் களிமண் வேண்டும். அது எங்கள் காலடியிலேயே கிடக்கிறது.

எங்கள் பள்ளி மைதானத்தில் வடக்கு ஓரமாக இடம் இருக்கிறது. தை அறுவடை முடிந்ததும் ஓர் ஆளை அனுப்புங்கள், மண்ணைப் பார்க்கட்டும்.