எட்டு கேசட்டும் எங்கள் விஜியும்: ஒரு நன்றி மடல்

திருநெல்வேலி டவுண், பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை, தச்சநல்லூர், மேலப்பாளையம் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

‘மெட்டி ஒலி’ சீரியலில் விஜியாக நடித்த உமா மகேஸ்வரியின் நினைவுக் கூட்டம் நேற்று, பதினாறாம் நாள், நல்லபடியாக நடந்து முடிந்தது. 2021 அக்டோபர் 17, ஞாயிற்றுக்கிழமை வந்த சாவுச் செய்தியை மறுபடி எழுத மனம் வரவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதான். 40 வயது சாகிற வயதா என்று வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள், யாரிடமும் பதில் இல்லை. அழுத கண் காய்வதற்குள் கை கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லிவிட வேண்டும், அதற்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி, டவுணில் ஒரு காலத்தில் வீடியோ டெக் ரிப்பேர் கடை வைத்திருந்த அண்ணாச்சிக்கு. பெயர் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார், போடவில்லை. ஆனால் அவர் செய்த வேலையை விவரமாகச் சொல்லாமல் விட முடியாது.

‘மெட்டி ஒலி’ 2002 முதல் 2005 வரை சன் டிவியில் ஓடியது. 2020 ஊரடங்கில் மறுபடியும் போட்டார்கள். இணையத்திலும் கிடைக்கிறது. அப்படியிருக்க பழைய வீடியோ கேசட் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். ரத வீதிப் பக்கம் ஒரு வீட்டு ஆச்சி, ராத்திரி வேலைக்குப் போகிற மகளுக்காக அந்த நாளில் தினமும் உட்கார்ந்து பதிந்தது அது. விளம்பரம் வந்ததும் கையால் நிறுத்தி, முடிந்ததும் மறுபடி தட்டிவிட்டிருக்கிறார். மகள் பார்த்து முடித்ததும் அதே கேசட்டில் அடுத்த வாரம் ஏறிவிடும். விட மனமில்லாத பகுதிகளை மட்டும் அழிக்காமல் வைத்தார். அப்படி மிஞ்சியது எட்டு கேசட். எட்டிலும் முதுகுப் பக்கம் இருக்கும் சிறு பிளாஸ்டிக் பல்லை உடைத்திருந்தார். அது இல்லாத கேசட்டில் டெக் பதியாது என்பது அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியும். போதாததற்கு லேபிளில் பேனாவால் ‘விஜி – அழிக்காதே’ என்று எழுதி ஒட்டியிருந்தார். சீரியலில் அப்பாவாக வரும் சிதம்பரத்தின் ஐந்து பெண்களில் அந்த ஒருத்தியை இந்த ஊர் எப்படி வைத்திருந்தது என்பதற்கு அந்த லேபிளே போதும்.

அந்த எட்டில் ஆறு கேசட்டில் பூசணம். கண்ணாடி வழியே பார்த்தால் நாடாச் சுருளின் ஓரத்தில் மாவு தூவினது போல வெள்ளை. அண்ணாச்சி சொன்ன முதல் வார்த்தை: “டெக்குல மட்டும் போட்டுப் பாத்துராதிய. ஒண்ணுல இருக்க பூசணம் ஹெட்டுல ஒட்டி மத்ததுக்கும் போவும்.” (ஹெட் என்றால் டெக்குக்குள் நாடாவைப் படிக்கிற முனை.) அது மட்டுமில்லை. பூசணம் பிடித்த நாடாவில் ஒரு சுற்றும் அடுத்த சுற்றும் ஒட்டிக்கொண்டிருக்கும். டெக் வேகமாக இழுத்தால் பிய்ந்து வந்துவிடும். வீட்டில் இப்படிப் பழைய கேசட் வைத்திருப்பவர்கள் இதை மனதில் வையுங்கள்.

முதலில் ஈரம் போக வேண்டும். ஐப்பசி மழை பிடித்த வாரம், வெயில் கிடையாது. ஹேர் டிரையர் காட்டினால் நாடா சுருண்டுவிடும். அதனால் மூடி இறுகப் பொருந்துகிற தகர டின்னில் சிலிக்கா ஜெல் மணிகளைப் போட்டு, மேலே கேசட்டுகளை நிறுத்தி, ஐந்து நாள் மூடி வைத்தார். நீல மணி ஈரம் குடித்தால் ரோஸ் நிறமாகிவிடும். ரோஸானதும் வறுத்தால் மறுபடி நீலம். (சமையல் சட்டியில் வறுக்காதீர்கள், அந்த நீலம் வயிற்றுக்குள் போகக் கூடாத சாமான்.) ஐந்து நாளில் மூன்று தடவை வறுத்தார்.

காய்ந்த பிறகு எட்டையும் ஒவ்வொன்றாகப் பிரித்தார். அடியில் ஐந்து ஸ்க்ரூ. கழற்றும்போது கேசட்டைக் கவிழ்த்தபடியே வைத்து, பிறகு இரு பாதியையும் சேர்த்துப் பிடித்து மெதுவாகத் திருப்பிவிட்டுத்தான் மேல் மூடியைத் தூக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் உருளையும் ஸ்பிரிங்கும் தெறித்து எது எங்கே இருந்தது என்று தெரியாமல் போகும். நாடாவின் அகலம் 12.7 மில்லி மீட்டர், 180 நிமிட கேசட்டில் நீளம் சுமார் 258 மீட்டர். அந்த 258 மீட்டரையும் நூல் உதிராத துணிக்கு நடுவே விட்டு, கையால் சுற்றிச் சுற்றித் துடைத்தார். முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்குள் இல்லாமல் திண்ணையில். பூசணத் தூள் நெஞ்சுக்கு ஆகாது. துணி அழுக்கானதும் மடிப்பை மாற்ற வேண்டும், அதே இடத்தால் துடைத்தால் எடுத்த பூசணத்தை மறுபடி பூசுவதாகிவிடும். துடைத்த சுருளைப் பழைய கூட்டுக்குள் வைக்காமல், தன்னிடம் இருந்த காலி கேசட்டுகளைப் பிரித்து அந்தக் கூடுகளுக்குள் மாற்றினார்.

மூன்றாவது கேசட்டில் ஓரிடத்தில் நாடா கிழிந்திருந்தது. கசங்கிய 3 சென்டி மீட்டரை வெட்டி எடுத்து, ஹெட் தொடாத பக்கத்தில் இதற்கென்றே உள்ள ஒட்டு நாடா போட்டு இணைத்தார். இந்த இடத்தில் நிறையப் பேர் செய்கிற தப்பு செல்லோடேப் ஒட்டுவது. அதன் பசை நாளாக நாளாக ஓரத்தில் கசிந்து, ஹெட் பொருத்திய டிரம்மில் ஒட்டி, நல்ல கேசட்டையும் கெடுக்கும். ஒரு விநாடிக்கு ஓடுவது 2.34 சென்டி மீட்டர் நாடா. ஆக, நாம் இழந்தது ஒன்றேகால் விநாடி. அதற்கே அவர் முகம் வாடிப்போனது.

டெக்கைத் தயார் செய்ததும் ஒரு பாடம். டிரம் துடைக்க, மெத்தென்ற தோல் சுற்றிய குச்சியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, அசையாமல் ஒட்டிப் பிடித்து, டிரம்மைத்தான் கையால் சுற்ற வேண்டும். குச்சியை மேலும் கீழும் தேய்த்தால் ஹெட்டின் நுனி ஒடிந்துவிடும், அப்புறம் அந்த டெக் வெறும் பெட்டிதான். பஞ்சு வைத்த காதுக் குச்சியும் ஆகாது, இழை மாட்டும். ஆல்கஹால் முழுக்க ஆவியான பிறகே கேசட் உள்ளே போக வேண்டும்.

பதிந்த டெக் வேறு, ஓட்டுகிற டெக் வேறு. அதனால் படத்தின் அடியில் கோடு கோடாக ஓடியது. ஒவ்வொரு கேசட்டுக்கும், நாடாவின் தடத்தை ஹெட்டோடு பொருத்துகிற டிராக்கிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சரி செய்தார். ஆச்சி விளம்பரத்துக்காக நிறுத்திய இடங்களில் படம் ஒரு நொடி குதிக்கும், அங்கே கணினி திணறிச் சத்தமும் வாயசைவும் விலகிப்போனது. டெக்குக்கும் கணினிக்கும் நடுவே ஒரு பழைய டிவிடி ரெக்கார்டரை வைத்ததும் அது நின்றது. நாடாவில் இருந்து வருகிற ஆட்டத்தை அது வாங்கிக்கொண்டு சீராக அனுப்புகிறது. குறுக்குவழி எதுவும் கிடையாது. மூன்று மணி நேர கேசட்டுக்கு மூன்று மணி நேரம். மொத்தம் 24 மணி நேரத்தையும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கழித்தார், ஒட்டுப்போட்ட இடம் எப்போது மாட்டும் என்று தெரியாதே. தீபாவளிக்கு முந்தின வாரம் அது. வாங்கியது சாமான் செலவு மட்டும்.

மற்றவர்களுக்கும் சேர்த்து நன்றி சொல்கிறோம். தீபாவளித் தையல் மலைபோல் கிடக்க, இரண்டு எட்டு முழ வேட்டியை இணைத்துத் திரை தைத்துக் கொடுத்த டெய்லர் அண்ணனுக்கு. தையல் நடுவில் வந்தால் முகத்தின் மேல் கோடு விழும் என்று, ஒரு வேட்டியை மடித்துத் தையலை அடிப்பக்கமாகக் கொண்டுபோனது அவர் யோசனை. தகரக் கொட்டகையில் மழைச் சத்தம் வசனத்தை அமுக்கியபோது, பெட்டிகளை மேடையில் இருந்து இறக்கி ஆட்களுக்கு நடுவே காதளவு உயரத்தில் வைத்த மைக் செட் தம்பிக்கு. பிச்சிப்பூவைத் தண்ணீர் தெளிக்காமல் வாழை இலையில் பொதிந்து கொண்டுவந்து, வாழைநாரில் கட்டிய அக்காமாருக்கு. மழைநாளில் நனைந்த பிச்சி இரண்டு மணி நேரத்தில் பழுத்துவிடும், படத்தில் போட்ட மாலை கடைசி வரை வெள்ளையாகவே இருந்தது. 100 டம்ளருக்கு ஒன்றரைக் கிலோ கருப்பட்டி, 100 கிராம் சுக்கு, சுக்கைப்போல ஒன்றரைப் பங்கு மல்லி என்று கணக்காகப் போட்டு, கருப்பட்டியைத் தனியே காய்ச்சி மண் போக வடிகட்டிச் சுக்குக் காபி கொடுத்தவர்களுக்கு. நாற்காலியை இடம் விட்டுப் போட்ட பிள்ளைகளுக்கும், இடம் கொடுத்தவர்களுக்கும்.

திரையில் விஜி வந்ததும் கொட்டகையில் யாரும் பேசவில்லை. இருபது வருஷம் பழகின பெண் நடையேறி வீட்டுக்குள் வருவதுபோல இருந்தது. இயக்குநர் திருமுருகன் எழுப்பிய அந்த வீட்டில், அப்பாவாக வந்த டெல்லி குமாரும் அக்கா தங்கைகளும் சுற்றி நிற்க, அவள் மட்டும் இனி இல்லை என்பதை ஏற்கவே முடியவில்லை. சீரியல் நடிகைக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. தினமும் ராத்திரி நம் வீட்டுக்கு வந்துபோனவளுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

கேசட்டுகளை இனி கெடவிட மாட்டோம். படுக்க வைக்காமல் நிறுத்தியே வைப்போம். டிவி, ஸ்பீக்கர் பக்கம் வைக்க மாட்டோம், காந்தம் பதிவைத் தின்றுவிடும். வருஷம் ஒரு முறை முழுக்க ஓட்டித் திரும்பச் சுற்றுவோம். பிரதி வேண்டுபவர்கள் 128 ஜிபி பென்டிரைவ் கொண்டுவாருங்கள், எட்டும் அதில் அடங்கும்.

கூட்டம் முடிந்து கேசட்டுகளை ஆச்சி வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தோம். புதுக் கூட்டில் பழைய லேபிள். அண்ணாச்சி அதை நீராவி காட்டி உரித்து, எழுத்துக் கலையாமல் ஒட்டியிருந்தார். ஆச்சிக்கு இப்போது பார்வை மட்டு. லேபிளைப் படிக்கவில்லை. கேசட்டைத் திருப்பி, முதுகின் மூலையைக் கட்டைவிரலால் தடவினார். புதுக் கூட்டில் அந்தப் பல் இருந்திருக்க வேண்டும். இல்லை. எட்டிலும் அண்ணாச்சி ஸ்க்ரூ டிரைவர் முனையால் நெம்பி எடுத்திருக்கிறார். யாரும் அவரிடம் சொல்லவில்லை.

“இதையும் ஒடைச்சிருக்காவளே” என்று ஆச்சி எட்டையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பீரோவில் வைத்தார்.