வெறும் தடிமன் என்று வெளிக்கிட முன்னர்

ஆசிரியர் அவர்களுக்கு,

2022இல் தைப் பனியும் கொவிட்டின் ஒமிக்ரோன் வகையும் ஒரே நேரத்தில் வந்தன. தொண்டைக் கரகரப்பு, மூக்கு ஒழுகல், இலேசான உடம்பு நோ எல்லாம் பனி நாட்களில் யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு ஒருவருக்கு வருவதுதான். அதனால் "பனித் தடிமன்" என்று ஒரு பனடோலை (பரசிற்றமோல் குளிசை) போட்டுக்கொண்டு கந்தோருக்கும் ரியூசனுக்கும் வெளிக்கிட்டுவிடுகிறோம். இதை விடவேண்டும். புதிதாகத் தடிமன் தொடங்கிய அன்று காலையிலேயே வீட்டில் நிற்பதென்று தீர்மானிக்க வேண்டும். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நின்றால் அதற்குள் பரவ வேண்டியது பரவிவிடும்.

ஏனென்றால், அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்னரே கிருமி மூக்கு, தொண்டை வழியே வெளியேறத் தொடங்குகிறது. அறிகுறி தொடங்கி முதல் சில நாட்களில்தான் அது மிகக் கூடுதலாக வெளியேறும். "எனக்கு ஒன்றும் பெரிதாக இல்லை" என்று ஒருவர் நடமாடுவதும் அதே நாட்களில்தான். பனிக்கு யன்னல் சாத்திய 750ஆம் இலக்க பஸ்ஸில் ஒரு மணித்தியாலம், பிறகு நெருக்கமான வாங்குகளில் ஐம்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இரண்டு மணித்தியாலம் இருந்தால் மற்றவர்களுக்குப் பரவப் போதும். சினோபார்ம் தடுப்பூசி இரண்டும் பைசர் மூன்றாவதும் ஏற்றியவருக்கு நோய் கடுமையாகும் வாய்ப்பு நன்றாகக் குறையும். ஆனால் அவரிடமிருந்து வீட்டிலிருக்கும் அம்மம்மாவுக்குத் தொற்றாது என்று யாராலும் சொல்ல முடியாது.

சாதாரணத் தடிமனா கொவிட்டா என்று அறிகுறியைக் கொண்டு பிரித்துவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். கோப்பித்தூளை மணந்து பார்த்து "மணம் தெரிகிறது, அது இல்லை" என்கிறார்கள். ஒமிக்ரோனில் மணம் போவது முன்னைய வகைகளைவிடக் குறைவு. தொண்டை நோவும் மூக்கு ஒழுகலுமே முன்னுக்கு நிற்கின்றன. ஒரு விதிவிலக்கைச் சொல்லலாம். ஒவ்வொரு பனிக்காலமும் விடிய எழும்பத் தும்மல், கண் கடி, வெயில் ஏற ஏறத் தணிவு, காய்ச்சலோ உடம்பு நோவோ இல்லை என்ற ஒவ்வாமைக்காரர், இம்முறையும் அச்சொட்டாக அதேபோல இருந்தால் முகக்கவசத்தோடு வேலைக்குப் போகலாம். வழமையைவிடச் சிறிது மாறினாலும், வீட்டில் வேறொருவருக்கும் தொடங்கினாலும் நிற்க வேண்டும்.

மூக்கில் மாதிரி எடுத்துச் சில நிமிடங்களில் கோடாக முடிவு காட்டும் அன்ரிஜன் பரிசோதனையிலும் ஒரு பிழை நடக்கிறது. முதல் நாளே செய்து, இல்லை என்று வந்ததும் கல்யாண வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அந்த நேரம் மூக்கில் கிருமியின் அளவு போதாமல் இருந்தால் அது பிடிபடாது. அறிகுறி இருக்கும்போது இல்லை என்று வந்தால், 48 மணித்தியாலம் கழித்து இன்னொரு முறை செய்யும் வரை வீட்டில் நிற்பதே சரி. கோடு எவ்வளவு மங்கலாக விழுந்தாலும், குறித்த நிமிடங்களுக்குள் விழுந்தால் அது தொற்றுத்தான். பரிசோதனைக்கே வழியில்லாதவர்கள், அறிகுறி தொடங்கிய நாளைப் பூச்சியமாக வைத்து, அதற்குப் பிறகு ஐந்து முழு நாள் நிற்கவேண்டும். பிறகும் குளிசை போடாமல் 24 மணித்தியாலம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் வெளிக்கிடலாம். பத்தாம் நாள் வரை முகக்கவசம் கழற்றக்கூடாது. பனடோல் வேலை செய்யும் நேரத்தில் சூடு பார்த்துவிட்டுக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புவது தன்னைத் தானே ஏமாற்றுவது. வறட்டு இருமல் மட்டும் இரண்டு மூன்று கிழமை இழுபடலாம், அதற்காகப் பயந்து மறிக்கத் தேவையில்லை. தொற்று உறுதியானவர்கள் இந்தக் கணக்கை விட்டு, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை சொல்லும் நாட்களைப் பின்பற்ற வேண்டும்.

வீட்டில் நிற்பது என்றால் விறாந்தையில் எல்லோரோடும் இருந்து ரீவி பார்ப்பது அல்ல. தனியறை இருந்தால் நல்லது. இல்லாதவர்கள் யன்னல்களையும் கதவையும் திறந்து, நோயாளியை காற்று வெளியே போகும் பக்கத்தில் படுக்க வைக்கலாம். மேசைக் காற்றாடியை அவரிடமிருந்து மற்றவர் பக்கம் அடிக்க விடாமல் யன்னலை நோக்கித் திருப்பிவிட வேண்டும். சாப்பாட்டு நேரம்தான் கவனிக்க வேண்டியது, ஏனென்றால் எல்லோரும் முகக்கவசம் கழற்றிக் கதைப்பது அப்போதுதான். அவர் தனியே சாப்பிடட்டும். கோப்பையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போதும், ஒதுக்கி வைக்கத் தேவையில்லை. மல்லித்தண்ணியும் இரசமும் தொண்டைக்கு இதம், நீர்ச்சத்துக்கும் உதவும். ஒரே பானையைச் சுற்றி வீட்டார் சேர்ந்து ஆவி பிடிப்பது மட்டும் வேண்டாம். ஆவி கிருமியைக் கொல்லாது, கொதிநீர் கவிழ்ந்தால் பிள்ளைகள் வெந்துபோவார்கள்.

இந்தக் கடிதத்தில் அழுத்திச் சொல்ல விரும்புவது காய்ச்சலைப் பற்றி. யாழ்ப்பாணத்தில் மாரி மழையோடு டெங்கும் கூடும். கொவிட் என்று பயந்து யாருக்கும் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பவருக்கு டெங்கு இருக்கக்கூடும். தடிமனும் இருமலும் இல்லாத கடும் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் நோ, மூட்டு நோ என்றால் முதலில் டெங்கையே சந்தேகிக்க வேண்டும். எந்தக் காய்ச்சலும் இரண்டு நாளைத் தாண்டினால் வைத்தியரிடம் காட்டி, மூன்றாம் நாளுக்குப் பிந்தாமல் முழு இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். டெங்கில் காய்ச்சல் விடும் நேரமே ஆபத்தான நேரம். அப்போது வயிற்று நோ, விடாத வாந்தி, கைகால் குளிர்தல், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. இபுபுரோபன், டைக்குளோபெனாக், அஸ்பிரின் ஆகியவற்றைக் காய்ச்சலுக்கு எடுக்கவே கூடாது. இரத்தக் கசிவைக் கூட்டும். இருதயத்துக்கு அஸ்பிரின் எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தாமல் வைத்தியரைக் கேட்கவேண்டும்.

பனடோல் 500 மில்லிகிராம் குளிசை, வளர்ந்த ஒருவருக்கு ஒரு தடவைக்கு இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, 24 மணித்தியாலத்துக்கு எட்டுக்கு மேல் இல்லை. மெலிந்தவர்களுக்கும் ஈரல் வருத்தக்காரருக்கும் குறைவு. பாமசியில் தடிமனுக்கென்று தரும் குளிசைகள் பலவற்றில் இதே பரசிற்றமோல் கலந்திருக்கும். பெட்டியை வாசிக்காமல் இரண்டையும் போட்டால் அளவு இரட்டிப்பாகி ஈரல் பாதிக்கப்படும்.

முதியவர், நீரிழிவுக்காரர் இருக்கும் வீட்டில் விரலில் மாட்டி இரத்தத்தின் ஒட்சிசன் வீதத்தைப் பார்க்கும் ஒரு ஒக்ஸிமீற்றர் பயன்படும். ஐந்து நிமிடம் இருந்து ஆறியபின், கையைத் தேய்த்துச் சூடாக்கி, இலக்கம் ஆடாமல் நிற்கும் வரை பார்த்துக் குறிக்கவேண்டும். நகப்பூச்சும் மருதோன்றியும் இலக்கத்தைப் பிழையாக்கும். 93, 94 என்றால் வைத்தியரை அழையுங்கள். 92 அல்லது அதற்குக் கீழே என்றாலோ, மூச்செடுக்கக் கஷ்டம், நெஞ்சு நோ, தடுமாற்றம் இருந்தாலோ 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

தனியே குடும்பங்கள் மட்டும் நினைத்து இது நடக்காது. உயர்தரப் பரீட்சை நெருங்கும்போது, ஒரு வகுப்பு விட்டால் பின்தங்கிவிடுவோம் என்று பிள்ளைகள் தடிமனை மறைக்கிறார்கள். ரியூட்டரி நடத்துவோர் வராத பிள்ளைக்கு அன்றைய குறிப்பை வைபரில் அனுப்பலாம், அந்த வகுப்பைப் பிறகு காசில்லாமல் எடுத்துக்கொள்ள விடலாம். நாட்கூலிக்கு வேலை செய்பவரிடம் "வீட்டில் நில்" என்பது பட்டினி கிட என்பதற்குச் சமம். ஆகவே கடை முதலாளிமார் தடிமன் என்று சொல்லி நிற்கும் முதல் மூன்று நாளுக்காவது சம்பளத்தை வெட்டாமல் விடவேண்டும், அதை இப்போதே வேலையாட்களுக்குச் சொல்லியும் வைக்கவேண்டும். செத்த வீட்டுக்காரர் பந்தலை நான்கு பக்கமும் திறந்து வைத்து, சுகமில்லாத உறவினர் வராததைக் குறையாக எடுக்காமல் இருந்தால், அவர்கள் 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குச் சுகமாக வந்து துக்கம் விசாரிப்பார்கள்.

ஓய்வுநிலைத் தாதிய உத்தியோகத்தர்,
கொக்குவில்.